தோள் பிடிச்ச தூரம்

இல்ல அண்ணாச்சி, நான் பட்டாளத்துல இல்ல. முடிய ஒட்ட வெட்டியிருக்கதப் பாத்துட்டுக் கேக்கிய. இந்த ரயில்ல ஏறுனதுல இருந்து நீங்க மூணாவது ஆளு. நான் சைக்கிள் ஓட்டுதவன். ஓட்டுனவன்னு சொல்லணும். ரேஸ் சைக்கிள். இப்ப தூத்துக்குடியில ஒரு ஆபீஸ்ல கிளார்க்கு, ஸ்போர்ட்ஸ் கோட்டா. பேரு சுயம்பு. ஊரு ஆறுமுகநேரி.

அசாமுக்குப் போயிட்டு வாரேன். நல்பாரின்னு ஒரு ஊரு. போக மூணு நாளு, வர மூணு நாளு, அங்க இருந்தது ஒரே ஒரு மத்தியானம். அதுக்கு எதுக்குலே இவ்வளவு தூரம்னு நீங்க நினைக்கது முகத்துலயே தெரியுது. நீங்க சென்னையில இறங்கிருவிய, பொறவு ஒருத்தர ஒருத்தர் பாக்கப் போறதில்ல. அதனால சொல்லுதேன். எங்க வீட்டுல கூடச் சொன்னதில்ல.

மூணு வருஷத்துக்கு முன்னால மலேசியாவுல ஒரு ரேஸு. ஆறு நாளு நடக்கும். ஒரு நாள் ஓட்டிட்டுக் கப்பு வாங்கிட்டு வாரதில்ல அது. தினம் நூத்தம்பது, நூத்தறுவது கிலோமீட்டரு, ஒரு ஊருல இருந்து இன்னொரு ஊருக்கு. ஆறு நாள் நேரத்தையும் கூட்டி யாருக்குக் கம்மியோ அவந்தான் ஜெயிச்சவன். நம்ம நாட்டுல இருந்து ஆறு பேரு போனோம். ஜெயிக்கதுக்கு ஒருத்தன். அவனுக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்க, எதிர்காத்துக்கு அவன் முன்னால மறைப்பா ஓட்ட, மீதி அஞ்சு பேரு. அந்த அஞ்சுல நான் அஞ்சாவது. எனக்கு அப்ப இருவது வயசு. விமானத்துல ஏறுனதே அதான் முதல் தடவ. நான் கிளம்புததுக்கு முன்னாலயே எங்க ஊரு முக்குல போர்டு வச்சுட்டாவ. சர்வதேச வீரர்னு போட்டு, என் போட்டோவ ஆள் உயரத்துக்கு. எங்கப்பா உப்பளத்துக்குப் போற வழி அதுதான். வண்டிய நிப்பாட்டிட்டு தினம் ஒரு நிமிஷம் பாப்பாராம். அம்மா சொன்னா.

அங்க ரூம்ல எனக்கு ஜோடி ரிதுல் கலிதா. அசாம்காரன். அவன் வீட்டுக்குத்தான் இப்பப் போயிட்டு வாரேன். என்னைவிட ஒரு வயசு கூட. எனக்கு இந்தி அரைகுறை, அவனுக்குக் கொஞ்சம் தேவல. ரெண்டு பேரும் அந்த அரைகுறையிலதான் பேசிக்கிடுவோம். பேச்சுக் கம்மி அவனுக்கு. ஆனா காலையில நான் எந்திரிக்கதுக்குள்ள என் சைக்கிள் செயினையும் சேத்துத் துடைச்சு எண்ணெய் விட்டு வச்சிருப்பான். நான் கேட்டதே இல்ல. அவனாச் செய்வான்.

மூணு நாள் எப்படியோ போயிட்டு. அந்த வெள்ளக்காரப் பயலுவளும் ஜப்பான்காரனும் ஓட்டுத வேகம் இருக்கே, நம்ம ஊரு ரேஸ்ல கடைசி அஞ்சு கிலோமீட்டருக்கு ஓட்டுத வேகத்த அவனுவ முதல் கிலோமீட்டருல இருந்தே ஓட்டுதானுவ. நான் மூணு நாளும் கடைசிக் கூட்டத்துலதான் வந்தேன். ஆனா வந்தேன்.

நாலாவது நாளு மலை. ஒண்ணு சொல்லணும் உங்களுக்கு, அப்பத்தான் விளங்கும். இந்த ரேஸ்ல தினமும் ஒரு கெடு உண்டு. முதல்ல வந்தவன் வந்து, பொறவு இன்ன நிமிஷத்துக்குள்ள நீ கோட்டத் தாண்டிரணும். தாண்டலன்னா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மறுநாள் ஓட்ட விடமாட்டான். கெடுவுக்குள்ள ஆறு நாளும் முடிச்சாத்தான் முடிச்சவன்னு பேரு. அந்தப் பேரு இருந்தாத்தான் அடுத்த கேம்ப்புக்குக் கூப்புடுவாவ, வேலைக்கு எழுதிப் போட முடியும், எல்லாம்.

அந்த மலை ஏத்தம் நாப்பது கிலோமீட்டரு. பத்தாவது கிலோமீட்டருலயே எனக்கு வயித்தப் பொரட்டிட்டு வந்துட்டு. ஓட்டிக்கிட்டே வாந்தி எடுத்தேன். கூட்டம் என்ன விட்டுட்டு மேல போயிட்டு. ரிதுல் கொஞ்சம் முன்னால போய்க்கிட்டு இருந்தான். அவனால அந்தக் கூட்டத்தோட போயிருக்க முடியும் அண்ணாச்சி, அவன் மலை நல்லா ஏறுவான். திரும்பிப் பாத்தான். வேகத்தக் குறைச்சான். நான் பக்கத்துல போனதும், "என் பின்சக்கரத்த மட்டும் பாரு, வேற எதையும் பாக்காத"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அங்க இருந்து இருவத்தஞ்சு கிலோமீட்டரு அவன் காத்துல, நான் அவன் மறைவுல. ஒரு தடவகூட முன்னால வான்னு கூப்புடல.

எங்களுக்குப் பின்னால யாரும் இல்ல. முடியாம நின்னு போனவங்கள ஏத்த ஒரு வேன் வரும். அது கீழ எவனோ அடிபட்டுக் கிடந்தான்னு அங்கனயே நின்னுட்டு. போலீஸ் வண்டியெல்லாம் முன்னால போயிட்டு. அதனால ஊர்க்காரங்க ரோட்டுக்கு இறங்கிட்டாவ. ரெண்டு பக்கமும் தேயிலை. ஒரு செங்குத்தான வளைவுல என் தொடை ரெண்டும் இழுத்துப் பிடிச்சுட்டு. என்ன அறியாம "ஏ யம்மா"ன்னு கத்திட்டேன்.

பக்கத்துல ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, "தம்பி தமிழா?"ன்னு கேட்டுச்சு.

லெட்சுமணன் அண்ணன். அப்பப் பேரு தெரியாது. அம்பது வயசு இருக்கும், எஸ்டேட்ல லாரி ஓட்டுதவரு. "எங்க உள்ள நீ? தமிழ்நாடா? ஐயோ, நம்ம பிள்ளையா"ன்னு அவருக்குக் கண்ணே கலங்கிட்டு. "ஏம்பா இப்படிக் கஷ்டப்படுற. என் தோளப் பிடி. யாரும் இல்ல. நான் ஏத்தி விடுறேன்"னாரு.

ரிதுலுக்குத் தமிழ் தெரியாது. ஆனா அவரு தோளத் தட்டிக் காட்டுனது புரிஞ்சிருக்கும். "பிடிக்காத"ன்னான். "நேரம் இருக்கு. போயிரலாம்." அவன் கணக்குல நேரம் இருந்துச்சு. என் கணக்குல இல்ல.

பிடிச்சேன். கொஞ்ச தூரந்தான் அண்ணாச்சி. ஒரு வளைவு. சரி, ரெண்டு வளைவு இருக்கும். ஒரு கோயில் வந்துச்சு, அது வரைக்கும். பொறவு ஒரு பாலம். மூணு கிலோமீட்டருன்னு வச்சுக்கிடுங்க. திரும்பிப் பாக்கல நான். அந்தத் தோளு எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு, வேர்வையில சட்டை நனைஞ்சு சூடா இருந்துச்சு. பாலம் தாண்டுததுக்கு முன்னால மேல இருந்து ஒரு நடுவரு காரு இறங்கி வந்துச்சு. லெட்சுமணன் அண்ணன் சட்டுன்னு எஸ்டேட் ரோட்டுல திருப்பிட்டாரு. நான் தலையக் குனிஞ்சு மிதிச்சேன். கெடு முடிய நாப்பது செகண்டு இருக்கும்போது கோட்டத் தாண்டுனேன்.

ரிதுல் கெடுவுக்கு ஒரு நிமிஷம் பத்து செகண்டு கழிச்சு வந்தான். வந்தவன் சைக்கிள்ல இருந்து இறங்க முடியாம கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

சாயந்தரம் நாலு மணிக்கு எங்க கோச்சு தஹியா சார் ரூமுக்கு வந்தாரு. அரியானாக்காரரு, சத்தமாப் பேசுதவரு. அன்னைக்கு மெதுவாப் பேசுனாரு. "இந்தியா சட்டை போட்ட ஒருத்தன் மோட்டார் சைக்கிளப் பிடிச்சுட்டு வந்தத நடுவர் பாத்திருக்காரு. நம்பரு முதுகுல, அவருக்குத் தெரியல. பின்னால இருந்தது நீங்க ரெண்டு பேருதான். பத்து நிமிஷம் தாரேன். யாருன்னு சொல்லலன்னா ரெண்டு பேரையும் ரேஸ்ல இருந்து தூக்கிருவாங்க, டீமுக்கும் கெட்ட பேரு"ன்னுட்டுக் கதவச் சாத்திட்டுப் போயிட்டாரு.

ரிதுல் கட்டில்ல உக்காந்து ஷூவக் கழட்டிக்கிட்டு இருந்தான். அவனாத்தான் சொன்னான். "நான்தான்னு சொல்லிருதேன். நான் எப்படியும் வெளிய போயாச்சு"ன்னான். எந்திரிச்சான், போனான்.

டைம் பத்தாம வெளிய போறது வேற, ஏமாத்துனான்னு பேர அடிச்சுத் தடை போடுதது வேற. அது அவனுக்கும் தெரியும். கீழ ஓட்டல் வாசல்ல எல்லா நாட்டுக்காரனும் பாக்க தஹியா சார் அவன ஓங்கி ஒரு அறை விட்டாரு. நான் மாடிப்படியில நின்னேன்.

இத்தோட போச்சா? இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சு லெட்சுமணன் அண்ணன் வந்து நிக்காரு. சம்சாரத்தையும் மகளையும் கூட்டிக்கிட்டு, ஒரு தூக்குல இடியாப்பமும் கோழிக் கறியும். "தம்பி, பசியாறினியா? நான்தான் பிள்ளைய மேல இழுத்துட்டுப் போனேன்னு இவகிட்ட சொன்னேன், நம்பல. சொல்லுப்பா"ங்காரு. சத்தமாச் சொல்லுதாரு. தோளத் தட்டித் தட்டிக் காமிக்காரு. பக்கத்துல தஹியா சார் நிக்காரு. நாற்காலியில ரிதுல் உக்காந்திருக்கான், கன்னத்துல அஞ்சு விரலு.

"என்ன சொல்றாரு?"ன்னு சார் கேட்டாரு.

நான் இந்தியில சொன்னேன்: "வழியில நின்னு கை தட்டுனாராம் சார். தமிழ் ஆளு. தோள்ல தட்டிக் குடுக்க வந்திருக்காரு."

சார் கும்பிட்டாரு. லெட்சுமணன் அண்ணனுக்கு மலாயும் தமிழும்தான் நல்லா வரும். அவரும் கும்பிட்டாரு. "குட் பாய் சார், ஸ்ட்ராங் பாய்"னாரு. ரிதுலுக்குத் தமிழ் தெரியாதுன்னு சொன்னேன்ல. ஆனா தோளத் தட்டிக் காட்டுத அந்த ஆள அவன் மலையிலயே பாத்தவன். அவரையும் பாத்தான், என்னையும் பாத்தான். அந்த அம்மா அவனுக்கும் ஒரு தட்டுல இடியாப்பம் வச்சுக் குடுத்தாவ. வாங்கித் தின்னான். நான் சாப்பிடல.

மீதி ரெண்டு நாளையும் முடிச்சேன். கடைசிக்கு முந்துன ஆளா வந்தேன். எங்க மாவட்டத்துல இருந்து அப்படி ஒரு ரேஸ முடிச்சது நான்தான் முதல் ஆளுன்னு பேப்பர்ல போட்டான். ஸ்டேஷன்ல இருந்து வீடு வரைக்கும் மேளம். வேலை கிடைச்சுது. ரிதுலுக்கு ஒரு வருஷம் தடை. பொறவு கேம்ப்புக்கு யாரும் கூப்புடல.

நான் அவன மறந்தேன்னு நினைக்காதிய. மறக்கல. நம்பரு இருந்துச்சு. போன எடுப்பேன், வைப்பேன். நாள் ஓடிப் போச்சு. போன மாசம் மதுரையில சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி முகாம். தஹியா சார் வந்திருந்தாரு. என்னையும் கூப்பிட்டாவ. மேடையில அவரு பேசுதாரு: "மலேசியாவுல அசாம்காரன் ஒருத்தன் மோட்டார் சைக்கிளப் பிடிச்சு நாட்டுப் பேரக் கெடுத்தான். அதே மலையில அதே நாள் வாந்தி எடுத்துக்கிட்டே முடிச்சவன் இவன். நீங்க யார மாதிரி இருக்கணும்?" நூறு பிள்ளைங்க. அத்தனையும் என்னக் கை காட்டுச்சு. மறுநாள் லீவு எழுதிப் போட்டுட்டு டிக்கெட் எடுத்தேன்.

நல்பாரியில ரிதுல் ஒரு வெல்டிங் பட்டறையில இருந்தான். கண்ணாடிய மேல தூக்கிட்டுப் பாத்தான். "சுயம்பு"ன்னான். ஆச்சரியமும் இல்ல, கோவமும் இல்ல. உடம்பு வச்சிருந்துச்சு. நான் வந்த விஷயத்தச் சொன்னேன். உங்க வீட்டுல உண்மையச் சொல்லணும்னேன். சைக்கிள் சங்கத்துக்கும் எழுதிக் குடுக்கேன்னேன். அவன் வேலைய நிப்பாட்டல. ஒரு கேட்டுக்குக் கம்பி பத்த வச்சு முடிச்சுட்டு, "எழுதுததெல்லாம் வேண்டாம். உனக்கு வேலை போயிரும். அப்பா வீட்டுல இருக்காரு. அவருகிட்ட வேணும்னா சொல்லு"ன்னு கூட்டிட்டுப் போனான்.

அவங்க அப்பா தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவரு. இந்தி நல்லாப் பேசுவாரு. அந்தச் சமயத்துல அந்த ஊருப் பேப்பர்லயும் வந்திருக்கு, அசாம் வீரர் ஏமாத்தி மாட்டுனாருன்னு. நினைச்சுப் பாருங்க அண்ணாச்சி, வீடு வீடா லெட்டர் குடுக்கப் போற மனுசன். ஒவ்வொரு வாசல்லயும் கேட்டிருக்காவ. ரிட்டயர் ஆக அப்ப எட்டு மாசம். எட்டு மாசமும் தலையக் குனிஞ்சுக்கிட்டே நடந்தாராம். மகன்கிட்ட ஒரு வருஷம் பேச்சில்ல. இப்பவும் ஒண்ணு ரெண்டு வார்த்தைதான்.

சொன்னேன். வாந்தி எடுத்தது, இவன் எனக்காக நின்னது, மோட்டார் சைக்கிளு, தோளு, எல்லாம் சொன்னேன். பிடிச்சவன் நான்தான், உங்க மகன் இல்லன்னேன். மூணு கிலோமீட்டருன்னும் சொன்னேன், குறைக்கல. அவரு கண்ணாடியக் கழட்டி வேட்டியில துடைச்சுக்கிட்டே இருந்தாரு. பொறவு ஒண்ணுதான் கேட்டாரு.

"நீ அவனச் சொல்லச் சொன்னியா, அவனாச் சொன்னானா?"

அண்ணாச்சி, இங்கதான். உங்ககிட்டயும் சொன்னேன்ல, அவனாத்தான் சொன்னான்னு. அப்படி இல்ல.

அன்னைக்குக் கதவச் சாத்திட்டு சார் போனதும் நான் ரிதுல் காலப் பிடிச்சேன். நிசமாவே பிடிச்சேன், ஷூ கழட்டிக்கிட்டு இருந்த காலு. "நீ எப்படியும் வெளிய போயிட்ட, உனக்கு இதுல என்ன? எங்க ஊருல போர்டு வச்சிருக்காவ, எங்கப்பா தினம் பாத்துட்டுப் போறாரு"ன்னேன். "முடியாது"ன்னான். "எங்கப்பா தபால்காரரு, ஊரு பூராத் தெரிஞ்சவரு"ன்னான். நான் விடல. அழுதேன். திரும்பவும் "முடியாது"ன்னான். "நீ எனக்காக நின்னதாலதான இவ்வளவும், நிக்காம போயிருந்தா நான் அப்பவே வேன்ல ஏறியிருப்பேன்"னேன். அத எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. எனக்கு நல்லது செஞ்சவன் மேலயே பழியப் போட்டேன். அவன் என்ன ஒரு பார்வை பாத்தான். பொறவு எந்திரிச்சுப் போனான்.

அந்தப் பெரியவரு கேக்காரு. வாசல்படியில ரிதுல் சாஞ்சு நிக்கான். ரெண்டாயிரம் மைலு இதச் சொல்லத்தான போனேன்.

"அவனாத்தான் சொன்னான்"னேன்.

அவரு முகத்தப் பாக்கணுமே நீங்க. அழுதாரு. அழுதுக்கிட்டே சிரிச்சாரு. எந்திரிச்சுப் போயி மகன் தலையில கை வச்சாரு. ரிதுல் அசையாம நின்னான். என் முகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னான். அப்பா சந்தோசமா இருக்கும்போது என்னன்னு சொல்லுவான்? அத்தோட விடல அவரு. பக்கத்து வீட்டு வாத்தியாரக் கூட்டிட்டு வந்தாரு. எதிர் வீட்டுல இருந்து ரெண்டு பேரு வந்தாவ. "எல்லாத்தையும் திரும்பச் சொல்லு தம்பி, இவங்களும் கேக்கட்டும்"னாரு. சொன்னேன். ரெண்டாவது தடவ இன்னும் நல்லாச் சொன்னேன் அண்ணாச்சி. கட்டில்ல இருந்து அவன் எப்படி எந்திரிச்சான், "உனக்காக நான் சொல்லுதேன்"னு எப்படிச் சொன்னான், எல்லாம். அந்த வாத்தியாரு என் கையப் பிடிச்சு, இதச் சொல்ல இவ்வளவு தூரம் வந்த உன்ன மாதிரி ஆளுவ இந்தக் காலத்துல எங்க இருக்காங்கன்னாரு. அவங்க அம்மா எனக்கு மீனும் சோறும் வச்சாவ. இந்தத் தடவ சாப்பிட்டேன். சாப்பிடாம எப்படி இருக்கது?

ரிதுல்தான் பைக்ல ஸ்டேஷனுக்குக் கொண்டாந்து விட்டான். வண்டி வர கால் மணி நேரம் இருந்துச்சு. நான்தான் ஆரம்பிச்சேன். "உங்கப்பாவுக்குச் சந்தோசம்"னேன்.

"ஆமா"ன்னான். "இனிமே ஊரு பூராச் சொல்லுவாரு. அது அப்படி இல்லன்னு இனிமே என்னால சொல்ல முடியாது."

"அவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன்."

அவன் தண்டவாளத்தப் பாத்துக்கிட்டு இருந்தான். "அன்னைக்கு ரூம்ல நான் எத்தன தடவ முடியாதுன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"ன்னான்.

"ரெண்டு தடவ"ன்னேன்.

"மூணு"ன்னான். வண்டி வந்துச்சு. என் பைய அவனே உள்ள தூக்கி வச்சுட்டு, வண்டி கிளம்புத வரைக்கும் நிக்காம போயிட்டான்.

ரெண்டு நாளா எண்ணிப் பாத்துக்கிட்டே வாரேன். முதல்ல ஒரு தடவ சொன்னான், அவங்க அப்பாவப் பத்திச் சொல்லும்போது. பொறவு நான் அழும்போது ஒரு தடவ. எனக்கு ரெண்டுதான் வருது, அண்ணாச்சி.